குக்கருக்கும் கைதட்டிய ஆப்

எட்டாம் வகுப்போடு நின்ற நான் சபைப் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்டின் டவுனில் ஒரு குழந்தைக் காப்பகத்தில் ஆயாவாக இருக்கிறேன். போன ஜூனில் புதிய மேடம் வந்தார். பெற்றோரிடம் ஆங்கிலத்தில் பேச வராதவர்கள் தசராவோடு நின்றுகொள்ளலாம் என்றார். என் கணவருக்குப் பக்கவாதம். அந்த வேலைதான் எங்கள் சோறு. அழுதேன்.

என் நாத்தனார் போனில் ஆங்கிலம் கற்றுத்தரும் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். "அண்ணி, இனிமே நீங்க வெள்ளக்காரிதான். எங்கள மறந்துடாதீங்க!" என்று சிரித்தாள்.

அதைப் போல ஒரு முகஸ்துதிக்காரனை நான் பார்த்ததில்லை. குதிரை ஆப்பிள் தின்கிறது என்று சொல்லச் சொல்லும். எங்கள் காப்பகத்தில் எந்தக் குதிரை சேர்ந்திருக்கிறது? சரியாகச் சொன்னாலும் கைதட்டும், தப்பாகச் சொன்னாலும் தட்டும். ஒரு நாள் நான் வாய் திறப்பதற்குள் குக்கர் விசில் அடித்தது. அதற்கும் "எக்ஸலென்ட்" என்றது. சீ என்று ஆகிவிட்டது. மனுஷர் எதிரே நின்றாலோ, என் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும்.

"ஆண்டவரே, என் வாயைத் திறந்தருளும்" என்று ஜெபித்தேன். பதில் ஆராதனையில் கிடைத்தது. நாம் எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்போமே, அப்போது நான் எப்போதும் உதட்டை மட்டும் அசைப்பேன். இந்த இரைச்சலில் யாருக்கு என் குரல் கேட்கும் என்று அன்று தோன்றியது. தெரிந்த ஆங்கிலத்தில் கத்தினேன். "காட், பேபி நாட் ஈட்டிங்! காட், பேபி க்ரையிங்!" வாராவாரம் கத்தினேன்.

பக்கத்தில் நின்ற அக்கா, "என்னம்மா, உனக்கும் ஆவி இறங்கி அந்நிய பாஷை வந்துடுச்சா?" என்றார்.

"இல்லக்கா, ஆயா பாஷைதான்."

தசராவுக்கு முந்தின வாரம், மேடம் வெளியே போயிருந்த மதியம், ஒரு பெண் குழந்தைக்கு முகம் வீங்கி மூச்சு இழுத்தது. அதன் அம்மா வடக்கத்திக்காரர். தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. அவருக்குப் போன் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு, ஆராதனையில் கத்துவது போலவே கத்தினேன்.

"மேடம், பேபி ஃபேஸ் ஸ்வெல்லிங்! ப்ரீத்திங் ப்ராப்ளம்!"

"வாட் டிட் ஷி ஈட்?"

"பீனட் ஸ்வீட், மேடம். பர்த்டே ஸ்வீட்."

"அலர்ஜி! டெல் த டாக்டர். கோ, கோ!"

ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரிடமும் அப்படியே சொன்னேன். ஊசி போட்டார்கள். பிள்ளை பிழைத்தது. சாயங்காலம் திரும்பி வந்த எங்கள் காப்பக மேடம் விஷயத்தைக் கேட்டு, "நீங்க எங்கயும் போக வேணாம்" என்றார்.

என்னைப் போல வாய் அடைத்துப் போனவர்களே, போனின் கைதட்டலை நம்பிக் கிடக்காதீர்கள். தப்பும் தவறுமாக ஆண்டவரிடம் கத்துங்கள். அவர் கேட்கிறார். எல்லா மகிமையும் அவருக்கே.

மறுநாள் அந்த ஆப், உங்களைக் காணோமே என்று செய்தி அனுப்பியது. ஆப்பையே அழித்துவிட்டு வேலைக்குப் போனேன்.