மடை திறந்திருந்த பத்தொன்பதாம் கேள்வி

அந்தச் சனிக்கிழமை பரீட்சைக்குப் போகும்போதே களைத்துப்போயிருந்தேன். களைப்பதற்கு நான் ஒன்றும் மலையைப் புரட்டவில்லை. கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குச் சைக்கிளில் போய், ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வருவேன். ஆறு வருடமாக இதே வேலை. போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று. காற்றுக்கு என்மீது என்ன கோபமோ தெரியாது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நான் பயிற்சி பெறாத ஆசிரியர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குள் நுழைய வைத்த பரீட்சையில் இரண்டு தடவை தவறியிருந்தேன். இது மூன்றாவது. அடுத்த வருடம் வயதெல்லை தாண்டிவிடும். பிறகு ஆயுள் முழுக்கப் பயிற்சி பெறாதவன்தான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் மனைவி வீட்டில் குடியிருப்பான். கலியாணம் பேசியபோது, “மாப்பிள்ளை கெதியில் பயிற்சிக்குப் போயிருவார்” என்று என் ஆட்கள் வாய் கூசாமல் சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல்லோடு ஒரே கூரையின் கீழ் நான்கு வருடம் சீவித்தேன். மாமி அதை நம்பி, கல்லூரி விடுதிக்கு நான் கொண்டுபோவதற்கென்று ஒரு தகர றங்குப்பெட்டி வாங்கி எங்கள் அறை மூலையில் வைத்திருந்தார். பச்சை நிறம், பித்தளைப் பூட்டு. நான் சாரன் மாற்றும்போதெல்லாம் அந்த வெறும் பெட்டி என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பரீட்சை மண்டபத்தில் விவேகப் பத்திரம் என்று ஒன்று தந்தார்கள். அறுபது கேள்வி, ஒரு மணித்தியாலம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஐந்து விடைகள். சரியானதற்குக் கோடு போட்டால் போதும். மேற்பார்வையாளர் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு முதியவர். முதல் பக்கத்தில் அச்சடித்திருந்ததை உரக்க வாசித்தார்: “தெரியாத கேள்வியில் நேரத்தைச் செலவிடாமல் அடுத்த கேள்விக்குச் செல்லவும்.”

நானும் தலையாட்டினேன். ஆனால் குர்ஆன் பழகிய ஓதப்பள்ளியில் என்னை வளர்த்த விதம் வேறு. ஒரு ஆயத்தைப் பிழையில்லாமல் ஓதாமல் அடுத்த ஆயத்தில் விரல் வைத்தால் ஓதிக்கொடுக்கும் லெப்பையின் பிரம்பு அந்த விரலில்தான் விழும். அதே சட்டத்தை நான் என் வகுப்புக்கும் வைத்திருந்தேன். ஒரு கணக்கு முடியாமல் மறு கணக்கைத் தொட்டவன் வாங்கில் ஏறி நிற்க வேண்டும்.

பதினெட்டுக் கேள்வி வரை நிமிடத்துக்கு ஒன்றாக ஓடினேன். என்னையே எனக்குப் பிடித்துப்போனது. பத்தொன்பதாவது ஒரு குளம். ஒரு வாய்க்கால் அதை ஆறு மணித்தியாலத்தில் நிரப்புமாம். ஒரு மடை ஒன்பது மணித்தியாலத்தில் வெறுமையாக்குமாம். இரண்டும் திறந்திருந்தால் வெறுங்குளம் எப்போது நிரம்பும்?

பதினெட்டு மணித்தியாலம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. பென்சிலைக் கொண்டுபோய் விடைக்கு மேலே வைத்தும்விட்டேன். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. மடை எந்த உயரத்தில் இருக்கிறது? தண்ணீர் மடைவாய்க்கு ஏறும்வரை ஒரு சொட்டும் வெளியே போகாதே. மாமியின் வயலில் தண்ணீர்முறைக்குக் காவல் நின்று, முழங்கால் சேற்றில் நான் கண்ட உண்மை அது. மடை அடியில் இருந்தால் ஒரு கணக்கு, பாதியில் இருந்தால் இன்னொரு கணக்கு. கேள்வியை நான்கு தடவை வாசித்தேன். மடையின் உயரத்தைக் காணவில்லை. சரி என்று, கால்வாசியில் மடை, அரைவாசியில் மடை என்று தனித்தனியாகச் செய்து பார்த்தேன். வந்த விடை ஒன்றும் அந்த ஐந்துக்குள் இல்லை. அதற்குள், வாய்க்காலும் மடையும் ஒன்றாகத் திறந்து கிடக்க தண்ணீரைத் திறந்து மூட வேண்டிய இந்த ஊர் வட்டவிதானை எங்கே போய்ப் படுத்திருக்கிறான் என்று வேறு கோபம் வந்துவிட்டது.

எனக்கு முன்னால் பாண்டிருப்புப் பொடியன் ஒருவன் இருந்தான். அவன் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டது. அடுத்த கேள்விக்குப் போ என்று மூளை சொன்னது. விரல் போகவில்லை, பிரம்புக்குப் பயந்த விரல்.

கடைசியில் பதினெட்டுக்கே கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தபோது மேற்பார்வையாளர், “இன்னும் அஞ்சு நிமிசம்” என்றார். நான்கு கேள்வி செய்தேன். மணி அடித்தது.

“மாஸ்டர், பென்சில வையுங்க.”

“ஐயா, இந்தக் குளத்துக்கு மடை எவடத்தில எண்டு—”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. தாளை உருவி எடுத்தார்.

வீட்டுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனேன். ஏறி மிதிக்கக் காலில் ஒன்றும் இல்லை. மாமி என்னோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. முக்காட்டைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று தன் மகளிடம் கேட்பார்; நான் என் மனைவிக்குச் சொல்வேன்.

“எப்பிடிப் போச்சாம், கேளு புள்ள.”

“இருபத்திமூணு செஞ்சன்” என்றேன்.

“மொத்தம் எத்தினையாம்?”

“அறுபது.”

என் மனைவி சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு, “மிச்சத்துக்கு என்ன நடந்த?” என்று மெதுவாகக் கேட்டாள். குளத்துக் கதையைச் சொன்னேன். வாய்க்கால், மடை, ஆறு, ஒன்பது எல்லாம் சொன்னேன்.

கதவு கேட்டது: “மடை அடியிலயாமா, மேலயாமா?”

எனக்கு அழுகை வரப் பார்த்தது. “அதத்தான் மாமி, அவனுகள் போடல்ல” என்று நேரடியாகவே சொல்லிவிட்டேன்.

“அப்ப மருமகன் யோசிச்சது சரிதான், புள்ள. அது தெரியாம எப்பிடிச் சொல்ற?” பிறகு மாமியே கழித்துப் பார்த்துக் கேட்டார்: “மத்த முப்பத்தேழுமா குளம்?”

என் மனைவி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சோற்றைப் பிசைந்தேன். பசி இருந்தது, கையைத் தூக்கத்தான் சோம்பலாக இருந்தது.

முடிவுக் கடிதம் வர மூன்று மாதம் ஆனது. மாமி அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. பரீட்சைக்கு மறுநாள் ஞாயிறு, பள்ளிக்கூடமும் இல்லை என்று விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு மறுபடி படுத்தவன், வெயில் ஏறித்தான் எழும்பினேன். சாரனை உதறிக் கட்டிக்கொண்டு மூலையைப் பார்த்தேன். பச்சைப் பெட்டியின் மூடி திறந்திருந்தது. உள்ளே வாய்வரை விதைநெல். எலி ஏறாமல் இருக்க நல்ல இடம்தான்; பித்தளைப் பூட்டும் இருக்கிறது.