பதினான்காம் இலக்கச் சட்டை

பதினான்காம் இலக்கச் சட்டை மூன்று வருடங்களாக என் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. கடும் நீலம், வெள்ளை எழுத்து, இடது தோளில் கிழிந்து தைத்த ஒரு சிறிய தையல். அது என்னுடையது அல்ல. நான் இரண்டாவது பயிற்றுவிப்பாளராக இருக்கும் ஒரு சின்னக் கல்லூரியின் சொத்து. பருவம் முடிந்ததும் எங்கள் கூடைப்பந்து அணிப் பெண்கள் சட்டைகளை வியர்வை நாற்றத்தோடு சுருட்டிப் பெட்டிக்குள் எறிந்துவிட்டுப் போவார்கள். இது மட்டும் துவைத்து, அயன் பண்ணி, நான்காக மடித்து என் கையில் தரப்பட்டது. தந்தவளை நான் தங்கச்சி என்று கூப்பிட்டு வந்தேன். அந்தச் சொல்லை எழுதவே இப்போது கை கூசுகிறது.

முதலில் எங்கள் அணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெருமைப்பட அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஜேர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரத்திலிருந்து ரயிலில் இருபது நிமிடம் போனால் வருகிற கல்லூரி. பகலில் நகரத்தில் பிசியோதெரபி வேலை, வாரத்தில் இரண்டு மாலை இந்தப் பயிற்சி என்று என் காலம் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்துச் சின்னக் கல்லூரிகள் நான்கு சேர்ந்து தங்களுக்குள் ஒரு தொடர் நடத்தும். அந்த வருடம் எல்லா ஆட்டத்திலும் நாங்கள்தான் வென்றோம். யாரை வென்றோம் என்று கேட்கக்கூடாது. ஓர் அணி சரியாக ஐந்து பேரோடு வந்தது, அதில் ஒருத்தி காட்டில் ஓடுகிற சப்பாத்தோடு நின்றாள். இன்னொரு கல்லூரியின் மண்டபத்தில் பந்தைக் கொஞ்சம் உயர்த்தி எறிந்தால் கூரையில் இடித்துத் திரும்பும். இவர்களை அடித்ததை வைத்து, நாடு முழுவதற்குமான பல்கலைக்கழகச் சுற்றுப்போட்டிக்கு எங்களை அழைத்துவிட்டார்கள்.

அன்று பிடித்தது தலைக்கனம். கல்லூரிப் பத்திரிகையில் படம். பந்து வடிவத்தில் ஒரு கேக். ஓர் ஆட்டத்துக்கு எத்தனை பேர் இறங்குவார்கள் என்றே தெரியாத கல்லூரித் துணைத்தலைவர் எங்கள் ‘வேக விளையாட்டை’ப் புகழ்ந்து பேசினார். துள்ளவே தெரியாத எதிராளிகளுக்கு முன்னால் முப்பது புள்ளி போட்ட பெண்கள் கண்ணாடிக்கு முன் நின்று தலைமுடி கட்டுவதில் அரை மணித்தியாலம் செலவழித்தார்கள். நானும் கேக் தின்றேன், கை தட்டினேன். ஆனால் உடம்புகளைப் பார்த்துப் பிழைக்கிற எனக்கு உண்மை தெரியும். இடுப்பில் பலம் இல்லை, முழங்காலில் உறுதி இல்லை, ஒருவர் இடித்தால் நின்று பிடிக்கிற மனமும் இல்லை. முதல் பெரிய ஆட்டத்திலேயே இவர்களை உரித்துப் போட்டுவிடுவார்கள். ஒருத்தியைத் தவிர.

கூடைக்குள் விழாமல் திரும்புகிற பந்து யார் கைக்குப் போகிறது என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. அந்தப் பந்துக்காக எதிராளியை முதுகால் மறித்து நிற்கவேண்டும். விலாவில் முழங்கை இறங்கும், யாரும் கை தட்டமாட்டார்கள், ஆட்டத்தாளிலும் அது ஏறாது. அந்த வேலையை எங்கள் அணியில் ஒருத்திதான் செய்தாள். திண்டுக்கல் பக்கத்திலிருந்து மேற்படிப்புக்கு வந்தவள். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. சீமெந்துத் தரையில் ஆடிப் பழகியதால் விழுந்தால் எப்படி விழவேண்டும் என்று தெரிந்தவள். பயிற்சிக்கு முன் வாங்கில் உட்கார்ந்து எவர்சில்வர் டப்பாவில் தயிர்ச்சோறு சாப்பிடுவாள். நான் யாழ்ப்பாணத்துத் தமிழில் கதைத்தால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். “அக்கா, நீங்க ‘நீர்’னு சொல்றப்ப ராஜா ராணி நாடகம் பாக்கற மாதிரியே இருக்கு” என்பாள்.

ஒருநாள் அந்த வாங்கில் வைத்துத்தான் சொன்னாள். “ஸ்கூல்ல படிக்கும்போது நேஷனல்ஸுக்கு செலக்ட் ஆனேன் அக்கா. வெளியூர்ல தங்கணும்னு அப்பா அனுப்பல. இது எனக்கு லாஸ்ட் செமஸ்டர். வேலைக்குப் போய்ட்டா இதெல்லாம் முடிஞ்சுது. ஒரே ஒரு தடவை ஆடிட்டேன்னா போதும்.”

“நீர் இல்லாமல் ஆர் போறது? நீர் கட்டாயம் ஆடுவீர், தங்கச்சி” என்றேன். யாரும் என்னிடம் வாக்குக் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஐம்பதைத் தாண்டிய நல்ல மனிதர். அந்தக் காலத்துக் கிழக்கு ஜேர்மனியில் வளர்ந்தவர், பாடசாலையில் ரஷ்ய மொழி படித்தவர், ஆங்கிலம் விமான நிலையத்துக்கு மட்டும் போதும் என்று இருப்பவர். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் பக்கத்தில் வந்து, உங்கள் மொழியைக் கேட்க இனிமையாக இருக்கிறது என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் என் காதில் விழுந்தது வேறு. ‘உன் ஆளை நீ பார்த்துக்கொள்கிறாய்’ என்று விழுந்தது. இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்து சம்பாதித்த காது அது. அடுத்த பயிற்சி நாளிலேயே அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “பயிற்சி ஹோலுக்குள்ள தமிழ் வேண்டாம் தங்கச்சி. மற்றவை ஏதும் நினைப்பினம்” என்றேன். என்ன நினைப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. “ஓகே அக்கா” என்று மட்டும் சொன்னாள்.

அதன்பின் மதிப்பீடு வந்தது. பன்னிரண்டு பேரில் பத்துப் பேரைத்தான் கூட்டிப்போகலாம். ஆளுக்கொரு படிவம். இந்த நாட்டுப் பாடசாலைக் கணக்கில் ஒன்று என்றால் மிக நன்று, ஆறு என்றால் படு மோசம். நீங்கள் எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், உங்கள் கண் என் கண்ணைவிடக் கூர்மையானது என்று தலைமைப் பயிற்றுவிப்பாளர் எல்லாவற்றையும் என் கையில் தந்துவிட்டார். ரயிலில் உட்கார்ந்து பென்சிலால் நிரப்பினேன். அவளுடைய படிவத்தில், கூடைக்குக் கீழ் பாதுகாப்பு என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழித்து இரண்டு போட்டேன். இறங்குகிற இடம் வருவதற்குள் அதையும் அழித்து மூன்று ஆக்கினேன். குறிப்பு என்ற கோட்டில், பெரிய ஆட்டங்களுக்கான நிதானம் சந்தேகம் என்று எழுதினேன். அப்படி ஒரு சந்தேகம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. யாராவது லேசாகத் தொட்டாலே நடுவரைப் பார்த்துக் கண் கலங்குகிற ஒருத்திக்கு இரண்டு போட்டேன். கூட்டிப் பார்த்தபோது தங்கச்சி பதினோராவதாக வந்தாள். என் கை சுத்தம் என்று காட்டிவிட்டேன். யாருக்குக் காட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யாரும் கேட்டிருக்கவில்லை.

பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது எனக்கு ஆறு வயது. சில வாரங்களுக்குப் பிறகு அகதி விண்ணப்ப அலுவலகம் ஒன்றில் அம்மாவை விசாரித்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஜேர்மன் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க எங்கள் ஆள் ஒருவர், மண்ணிறக் கழுத்துப்பட்டியோடு. அம்மா அழுது அழுது நெடுநேரம் சொன்னதை அவர் மூன்று வசனமாகச் சுருக்கிக் கொடுத்தார். “சுத்தி வளைக்காமல் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ” என்று அம்மாவை அதட்டினார். அதிகாரிகூட அப்படி அதட்டவில்லை. அவர் எழுந்துபோய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சாகும்வரைக்கும் அம்மா அதைச் சொல்லிக்கொண்டே இருந்தா. “வெள்ளைக்காரன் தண்ணி தந்தவன். எங்கட ஆள் என்ர முகத்தைக்கூடப் பாக்கேல்லை.” அந்த மனிதரை அருவருத்துக்கொண்டே நான் வளர்ந்தேன். எங்காவது மண்ணிறக் கழுத்துப்பட்டியைக் கண்டால்கூட எனக்குப் பிடிக்காது.

ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டு முடிவைச் சொல்வது இங்கே வழக்கம். பந்துகள் அடுக்கிய சிறிய அறை, ரப்பர் வாசம். தங்கச்சிக்கு ஜேர்மன் போதாது என்று நினைத்த தலைமைப் பயிற்றுவிப்பாளர் என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார். அவர் மெதுவாக, மரியாதையாகப் பேசினார். என் சக பயிற்றுவிப்பாளர் பருவம் முழுவதும் உன்னைக் கவனமாகப் பார்த்திருக்கிறார், கூடைக்குக் கீழ் நீ இன்னும் போதாது என்பது அவருடைய கணிப்பு, அவரை நான் நம்புகிறேன் என்றார். நான் அவள் பக்கம் திரும்பினேன். “அவர் சொல்லுறார், கூடைக்குக் கீழ உம்மட விளையாட்டு இன்னும் காணாதாம். இந்தமுறை எடுக்க ஏலாதாம்” என்றேன். என் கணிப்பு என்று அவர் சொன்னதை அப்படியே விழுங்கிவிட்டேன்.

அவள் முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “சரிங்க அக்கா. அவர்கிட்ட தேங்க்ஸ் சொல்லிடுங்க” என்றாள். குரல் மாறவில்லை. நான் அந்த நேரம் முழுவதும் மூலையில் தொங்கிய பந்து வலையைப் பார்த்துக்கொண்டு பேசியிருக்கிறேன் என்பது அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனபிறகுதான் உறைத்தது. கழுத்துப்பட்டி ஒன்றுதான் குறை.

மூன்று நாள் கழித்துக் கல்லூரி நடைபாதையில் காத்துக்கொண்டு நின்று சட்டையைத் தந்தாள். ஜேர்மன் மொழியில் பேசினாள். அவசரமில்லாமல், ஒரு பிழை இல்லாமல், அதிகாரிகளோடு பேசும்போது போடுகிற மரியாதை போட்டுப் பேசினாள். எட்டு மாதமாக மாலை வகுப்பில் மொழி படிக்கிறேன், அன்று அவர் சொன்னது எல்லாம் எனக்கு விளங்கியது, சட்டையைத் துவைத்திருக்கிறேன் என்றாள். “தங்கச்சி, நான் என்னெண்டால்” என்று தொடங்கினேன். அவள் ஜேர்மனிலேயே, இங்கே தமிழ் வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. விதியை நினைவுபடுத்துகிறவளைப் போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

சுற்றுப்போட்டியில் மூன்று ஆட்டம் ஆடினோம், மூன்றிலும் தோற்றோம். தோல்வி என்பதுகூட மரியாதையான சொல். திரும்பிவந்த பந்து எல்லாவற்றையும் எதிராளிகள் எங்கள் பெண்களின் தலைக்கு மேலால் மரத்தில் பழம் ஆய்வதுபோலப் பறித்துக்கொண்டு போனார்கள். படிவத்தில் நான் இரண்டு போட்ட, தொட்டாலே கண் கலங்குகிறவள் முதல் ஆட்டத்தின் பாதியிலேயே வயிற்றுவலி என்று வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். மறித்து நிற்க ஒரு முதுகு இல்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் தலைமைப் பயிற்றுவிப்பாளர் கோப்பிக் கோப்பையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த உயரமான இந்தியப் பெண் இருந்திருந்தால் இவ்வளவு கேவலப்பட்டிருக்கமாட்டோம், எனக்கு அவளுடைய ஆட்டம் பிடிக்கும், நீங்கள் ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டார். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, அறிந்துகொள்ளத்தான் கேட்டார். பெரிய ஆட்டத்துக்கு அவளிடம் நிதானம் போதாது என்று நினைத்தேன் என்றேன். படிவத்தில் எழுதிய பொய்யை இரண்டாவது முறையும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். சந்தேகப்படுவார் என்று பயந்துதானே இவ்வளவும் செய்தேன். அந்த மனிதருக்குச் சந்தேகப்படவே தெரியவில்லை.

போன மாதம் கார்ல்ஸ்ரூஹேயில் தமிழ்க் கடையில் அவளைக் கண்டேன். வேலையில் இருக்கிறாள் போல, கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. போனில் யாரோடோ சிரித்துக் கதைத்துக்கொண்டு கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். பேசி முடிக்கும்வரை நின்று, “தங்கச்சி, சுகமா இருக்கிறீரே?” என்று கேட்டேன். என்னைப் பார்த்து நன்றாகவே சிரித்தாள். நன்றி, நலமாக இருக்கிறேன், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றாள், ஜேர்மனில், அதே மரியாதையோடு. பிறகு காசுமேசைப் பக்கம் திரும்பி, “அண்ணா, முருங்கைக்காய் எப்ப வரும்?” என்று தமிழில் கேட்டாள். வெள்ளிக்கிழமை வரும் என்று அவர் சொன்னதும் எனக்கும் தலையசைத்துவிட்டு வெளியே போனாள். கடைக்காரர் என்னைப் பார்த்து, “அந்தப் பிள்ளை நல்லாத் தமிழ் கதைக்குமே அக்கா, உங்களோட மட்டும் ஏன் டொய்ச் கதைக்குது?” என்றார். “ஓம், கதைக்கும். எனக்குத் தெரியும்” என்றேன்.

நேற்றுப் புதுப் பருவத்துக்குச் சட்டைகள் கொடுத்தோம். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி பதினான்கு வேண்டும் என்று கேட்டாள், அவளுடைய பிறந்த நாளாம். பெட்டியைக் கிண்டிப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, அந்தச் சட்டை தொலைந்துவிட்டது என்றேன். தலைமைப் பயிற்றுவிப்பாளர் பக்கத்தில்தான் நின்றார். வழக்கம்போல நம்பினார். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். அவள் பிடித்த மடிப்பு இன்னும் கலையவில்லை.