கொடிமரத்துக்கு முதுகு காட்டினேன்

ஜப்பான் யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்தேன். அந்த வருடம் தைப்பூச வாரத்தில் தொடங்கிய தலைவலி, புரட்டாசி பிறந்தும் விடவில்லை. பிடரியில் கிளம்பும், காதுக்குப் பின்னால் ஏறி, இடது கண்ணுக்கு மேல் வந்து உட்காரும். அதன்பின் ஒரு வரி எழுத ஓடாது.

கண்தான் காரணம் என்று கண்ணாடி போட்டேன். பித்தம் என்றார்கள், காப்பியை நிறுத்தினேன். சுக்குப் பற்றுப் போட்டுப் போட்டு நெற்றித் தோல் உரிந்தது. வலி வந்த நாட்களைக் குறித்து, அமாவாசையோடும் மழையோடும் தின்ற கத்தரிக்காயோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எதனோடும் பொருந்தவில்லை.

இதற்குள் சரக்குப் பட்டியலில் இரண்டு முறை தப்பாக எழுதிவிட்டேன். தலைமைக் கிராணி தமிழர், நல்லவர். என்னைத் தனியே அழைத்தார்.

"தம்பி, இன்னொரு தப்பு வந்தா துரை சும்மா இருக்கமாட்டாரு. அக்கரையில ரப்பர் தோட்டத்துல கிடங்கு பாக்க ஆளு கேக்கிறாங்க. உங்களத் தூக்கி அங்க போட்டுருவாரு."

பத்திரிகையும் புத்தகமும் வந்திறங்கும் ஊரை விட்டுவிட்டுத் தோட்டத்தில் நான் என்ன செய்வேன்? நினைக்கும்போதே பிடரி இறுகியது.

அன்று சோறு பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்:

"என்னங்க, அந்தச் சுவத்துல கப்பல் ஏதும் வருதா?"

எனக்குப் புரியவில்லை. சோற்றைப் பிசைந்தபடி நான் இடப்பக்கமே திரும்பித் திரும்பிப் பார்க்கிறேனாம். பல மாதமாக இப்படித்தானாம். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும்போது இடப்பக்கம் எவள் போகிறாள் என்று அவளும் எட்டிப் பார்த்திருக்கிறாளாம்.

ஆபீசில் என் மேசைக்கு இடப்புறம், சற்றுப் பின்தள்ளி, ஒரு சன்னல். அதில் துறைமுகக் கோட்டையின் கொடிமரம் தெரியும். கப்பல் தென்பட்டதும் அங்கே கொடி ஏறும். எந்தக் கப்பலுக்கு எப்போது ஏறியது என்று எனக்காகக் குறித்து வைப்பது என் பழக்கம். எழுந்து பார்த்தால் துரை கண்ணில் படும். அதனால் உடம்பை அசைக்காமல், பேனாவைக் கீழே வைக்காமல், கழுத்தை மட்டும் முறுக்கிப் பார்ப்பேன். அந்த மேசைக்கு நான் மாறியதும் தைப்பூசத்துக்குச் சற்று முன்னால்தான்.

இதைச் சொன்னதும் அவள் என் இடது தோளை அமுக்கிப் பார்த்தாள். கட்டையாக இருந்தது. கழுத்தடியில் ஓரிடத்தில் விரலை ஊன்றினாள். வலி அப்படியே கண்ணுக்கு மேல் ஏறியது.

அன்று தொடங்கி நல்லெண்ணெய் தேய்த்து, தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். நான் மறுநாளே தலைமைக் கிராணியிடம், வெளிச்சம் பின்னாலிருந்து விழுந்தால் நல்லது என்று சொல்லி, மேசையைத் திருப்பிப் போட அனுமதி கேட்டேன். அவர் சிரித்தபடி சம்மதித்தார்.

"நீங்க பாக்காட்டியும் கப்பல் வந்துரும், தம்பி."

முதல் வாரம் வலியைவிட, கொடிமரத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் கொடுமை. முதுகுக்குப் பின்னால் என்னென்னவோ நடப்பதுபோல் இருக்கும். நாற்காலியில் நிலைகொள்ளாமல் நெளிவேன். தவிட்டுச் சூடு மெல்ல வேலை செய்தது. வலி கண்ணை விட்டு இறங்கியது. பிறகு காதை விட்டு. பட்டியலில் தப்பு வரவில்லை. தோட்டத்துக்கு வேறொருவரை அனுப்பினார்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் நாகப்பட்டினத்துக் கப்பல் ஊதியது. என் இடது கை தானாக எழுந்து, கழுத்து திரும்பாதபடி பிடரியைப் பிடித்துக்கொண்டது. வலது கை அடுத்த வரியை எழுதியது.