சேட்டன் வீட்டில் இரண்டு கோயில்

எனக்கு மலையாளம் தெரியாது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். தெரியாமல் என்ன? பாதி நம் தமிழ்தான். மீதிப் பாதியை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த முதல் வருஷம் முழுவதும் நான் அப்படி ஊகித்துத்தான் குடும்பம் நடத்தினேன். எண்பதுகளின் தொடக்கம் அது. என் ஊகத்தால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நின்றுபோகாமல் நடந்திருக்கிறது. ஆனால் அதை அப்படியே ஒத்துக்கொள்ள என் வீட்டுக்காரருக்கு இதுவரை மனசு வரவில்லை.

கொச்சங்காடியில் சுக்கு மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கியின் பின்பக்கத்தில் எங்கள் வீடு, இரண்டுக்கும் ஒரே முற்றம். மாமியார், நாங்கள் இரண்டு பேர், இவருடைய தங்கை, அவ்வளவுதான் ஆட்கள். இவர் தெருமுனையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பம் என்பதால் வீட்டில் பேசுகிற தமிழே ஒரு மாதிரி இழுத்துக்கொண்டு போகும். என் நாத்தனாருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவளுக்குத் தூத்துக்குடியில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. பையன் தங்கமானவன். பெண் பார்க்க வந்த அன்று இவள் பேசியதைக் கேட்டு எல்லோரும் சிரித்தபோது அவன் மட்டும் சிரிக்காமல் இன்னும் கொஞ்சம் பேசச் சொன்னானாம். அதிலேயே இவள் விழுந்துவிட்டாள்.

நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒரு சிவப்புக்கல் மோதிரம் போட்டார்கள். குத்துமதிப்பாக அளவு சொல்லிச் செய்தது, தொளதொளவென்று இருந்தது. உள்பக்கம் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் முற்றத்தில் துணி துவைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரை வாளியோடு வீசிக் கொட்டினாள். அன்று சாயங்காலம் சோற்றில் கை வைக்கும்போதுதான் விரல் வெறுமையாக இருந்ததைப் பார்த்தாள்.

துடைப்பத்தால் கூட்டினோம், மண்ணை அரித்தோம், கிடைக்கவில்லை. நடுவில் ஒரு மழை அடித்தது. மழை விட்டதும் கிட்டங்கிக்குச் சுமை ஏற்ற வந்த ஆட்கள் அந்த முற்றத்தையே சேறாக மிதித்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் பெரியம்மா முகூர்த்தம் குறிக்க வருவதாக இருந்தது. அந்தம்மா லேசுப்பட்டவர் இல்லை. பல்லி கத்தினால் பயணத்தை நிறுத்துகிறவர். இந்தச் சம்பந்தமே அவருக்கு அரை மனசுதான். நிச்சய மோதிரம் தொலைந்தது என்று காதில் விழுந்தால் அங்கேயே எழுந்து போய்விடுவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாத்தனார் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபமாகவும் வந்தது, அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

எதிர்வீட்டில் ஒரு சேட்டன். கப்பலில் எலக்ட்ரீஷியனாக உலகம் சுற்றிவிட்டு வந்தவர். தரைக்கடியில் இருக்கிற உலோகத்தைக் கண்டுபிடிக்கிற கருவி ஒன்று அவரிடம் இருந்தது. ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் தங்கக் காசு தேடுகிறேன் என்று அதைத் தூக்கிக்கொண்டு அலைந்து, சோடா மூடிகளாகச் சேர்த்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை இவர் போய்ச் சொன்னதும் கருவியும் கையுமாக வந்துவிட்டார். நீளமான கம்பு, அதன் மேலே ஒரு பெட்டி, கீழ்நுனியில் வட்டமான தட்டு, காதில் மாட்ட ஹெட்போன். தட்டைத் தரையை ஒட்டி வீச வேண்டும், கீழே உலோகம் இருந்தால் காதில் சத்தம் கேட்கும்.

சேட்டன் வீசினார். முற்றத்தில் கால் வைத்ததிலிருந்து அது ஓயாமல் கத்தியது. துவைக்கிற கல்லின் மேல் வைத்தாலும் கத்தியது, அந்தரத்தில் தூக்கிப் பிடித்தாலும் கத்தியது. சேட்டன் தட்டைத் திருப்பிப் பார்த்து, அதில் ஓடியிருந்த விரிசலைத் தடவி, சோகமாகச் சொன்னார்.

"ஈ கோயில் போயி. இனி வேறெ கோயில் நோக்கணம்."

எனக்குச் சுருக்கென்றது. அன்று காலையில்தான் எங்கள் ஊர் அம்மனை நினைத்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தேன். இந்தக் கோயில் போய்விட்டதாம், வேறு கோயில் பார்க்கணுமாம்! சாமி விஷயத்தில் இந்த மனுஷனுக்கு என்ன வாய் என்று நான் முறைக்க, அவர் பாட்டுக்குப் பயப்படாதே என்று மேலே சொன்னார்.

"பேடிக்கண்டா. என்டெ வீட்டில் ரண்டு கோயில் உண்டு."

"வீட்டுக்குள்ள ரெண்டு கோயிலா? அப்ப இவரு தினமும் எதைக் கும்பிடுவாரு?" என்று நான் நாத்தனார் காதில் கேட்டேன்.

அவள் வாயைப் பொத்தினாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "மதினி, அது கோயில் இல்ல, காயில்! தட்டுக்குள்ள செம்புக் கம்பி சுத்தியிருக்கும்லா, அந்தக் காயில்!" மோதிரம் தொலைந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். அதனால் நானும் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு காயிலும் கருவி செய்த கம்பெனியுடையது இல்லை. வேறொரு கம்பெனி, தனியாக விற்பது. சோடா மூடிகளின் தொல்லை தாங்காமல், கப்பல் வேலையில் இருந்தபோதே சிங்கப்பூரில் சேட்டன் வாங்கியவை. ஒன்று தோசைக்கல் அகலம், இன்னொன்று சாயா கிளாஸுக்குக் கீழே வைக்கிற தட்டை விடக் கொஞ்சம் பெரிது. எதை மாட்டுவது என்று அன்று சாயங்காலம் முழுவதும் இவரும் சேட்டனும் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து விவாதித்தார்கள். விவாதம் என்றுதான் பெயர், இரண்டு பேரும் ஒரே கட்சி. பெரியதுதான் ஆழமாகக் கேட்கும், ஒரு வீச்சில் நிறைய இடம் பிடிக்கும், முற்றத்தை அரை மணியில் முடித்துவிடலாம். சின்னதைக் கடைக்காரன் தலையில் கட்டிவிட்டானாம், சேட்டன் அதைப் பெட்டியிலிருந்து எடுத்ததோடு சரி, ஒரு தடவைகூட மாட்டிப் பார்த்ததில்லை. நான் அடுப்படியில் இருந்ததால் இந்தத் தீர்மானம் எதுவும் என் காதில் விழவில்லை. இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

கருவி எங்கள் வீட்டிலேயே இருந்தது. மறுநாள் காலையில் இவருக்குக் கடையில் ஆள் காத்திருந்தது. "சேட்டன் வீட்டுல போய் காயில் வாங்கிட்டு வா. எதுன்னு அவர் பறயும்" என்று என்னை அனுப்பினார். சேட்டன் திருச்சூரில் தன் தங்கை வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் குளியலறைக்குள் இருந்தார். அவர் மனைவி முன்னாடியே போய்விட்டிருந்தார். கதவு திறந்திருந்தது. கூடத்துச் சுவரில் இரண்டு ஆணி, இரண்டு ஆணியிலும் ஒவ்வொரு காயில். எது என்று வெளியிலிருந்து கேட்டேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவர் கத்தினார்.

"வலுது எடுத்தோ! வலுது மதி கேட்டோ!"

கேட்டது, நன்றாகவே கேட்டது. வலதுபக்கம் மாட்டியிருந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "எந்தாடி இது? பெருசு எவிடெ?"

"அவருதான் வலதை எடுக்கச் சொன்னாரு."

"வலுதுன்னா பெருசு!"

"பெருசுன்னா பெருசுன்னு சொல்ல வேண்டியதுதான? பெருசுக்குப் போயி வலதுன்னு பேரு வச்சா நான் என்ன செய்யட்டும்? அப்ப இடதுன்னா சிறுசா உங்க ஊர்ல?"

அவர் ஓடிப் போய்ப் பார்த்தபோது எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது. சேட்டன் திங்கட்கிழமைதான் வருவார். பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இவர் கருவியின் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். மாமியார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாத்தனார்தான் அந்தச் சின்னத் தட்டைக் கையில் எடுத்து, "அண்ணா, இருக்கறத மாட்டித் தா" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் நான் எழுந்துபோய்த் தோசைத்திருப்பியை எடுத்துவந்தேன். தப்பு என்மேல் இல்லை என்று அப்போதும் எனக்குத் தெரியும், ஆனாலும் எடுத்துவந்தேன்.

வேறு கம்பெனிச் சாமான் என்பதால் காயில் ஒயரின் நுனியிலிருந்த பிளக் பெட்டியில் பொருந்தவில்லை. சேட்டன் ஒரு தடவை மாட்டிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இவர் கடையிலிருந்து பழைய பிளக் ஒன்றைக் கொண்டுவந்து, முணுமுணுத்துக்கொண்டே சால்டர் வைத்துக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனார். அதற்குப் பிறகு முற்றத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் காதில் ஹெட்போன், என் கையில் தோசைத்திருப்பி.

எங்கள் முற்றத்தில் மண் எவ்வளவோ அதே அளவுக்கு ஆணி. கிட்டங்கிக்காரர்கள் வருஷக்கணக்காக அங்கே மரப்பெட்டிகளை உடைத்திருக்கிறார்கள். தேயிலைப் பெட்டித் தகரம், மூட்டை கட்டுகிற இரும்புப் பட்டை, சாக்குத் தைக்கிற கோணி ஊசி, எல்லாம் உள்ளே கிடந்தன. ஆனால் இந்தச் சின்னக் காயில் ஒன்றை விட்டு ஒன்றைத் தனித்தனியாகக் கேட்டது. ஆணி என்றால் கரகரவென்று உடைந்த சத்தம். தகரம் என்றால் அலறல். இரண்டு ஆணிக்கு நடுவே ஒரு சாண் இடம் இருந்தால் அந்த இடத்தில் அமைதி. வீசி வீசித்தான் போக வேண்டும், ஒரு வீச்சுக்கு உள்ளங்கை அகலம்தான் நகர முடிந்தது. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப் போயிற்று. சுமை தூக்குகிற சேட்டன்மார் நின்று வேடிக்கை பார்த்து, "பெங்ஙளே, நிதி கிட்டியோ?" என்று, புதையல் கிடைத்ததா எனக் கேட்டார்கள். "கிட்டினா உங்களுக்கும் தாறோம்" என்று அவள் பதில் கொடுத்தாள். ஒரு பூட்டுச்சாவி கிடைத்தது, ஒரு பித்தளைக் கொக்கி கிடைத்தது, மாமியார் என்றைக்கோ தொலைத்த கரண்டிக் காம்பு கிடைத்தது. ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்த்து ஓரமாகப் போட்டோம்.

மதியத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு மழை பெய்தால் இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். பின்சுவரை ஒட்டிய தென்னைக்கு அருகே போனபோது அவள் நின்றாள். கம்பை முன்னும் பின்னும் அசைத்தாள். ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினாள். இந்தப் பக்கம் கரகர, அந்தப் பக்கம் கரகர, நடுவில் மட்டும் ஒரு பிசிறில்லாத, உருண்டையான சத்தம். அப்படி ஒன்றை அன்று நாங்கள் கேட்டிருக்கவில்லை.

தோசைத்திருப்பியால் நான்கு விரல் ஆழம்தான் தோண்டியிருப்பேன். சேற்று உருண்டை ஒன்று வந்தது. அவள் அதை வாளித் தண்ணீரில் அலசினாள். சிவப்புக்கல்.

இரண்டு பேரும் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டோம். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள், நானும் அழுதேன், நடுவில் ஏனோ சிரித்தோம், அப்போது மழையும் பிடித்துக்கொண்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் நனைந்தது கிடையாது.

பெரியம்மா வந்தார், மோதிரத்தைப் பார்த்தார், நூல் புதிதாகச் சுற்றியிருக்கிறதே என்று மட்டும் கேட்டார். பழைய நூல் அழுக்காகிவிட்டது என்று மாமியார் சொன்னார். முகூர்த்தம் குறித்தாகிவிட்டது.

திங்கட்கிழமை சேட்டன் வந்ததும் இவர் முதல் வேலையாகப் பெரிய காயிலை வாங்கிவந்தார். எனக்குப் பாடம் நடத்த வேண்டுமாம். என் மோதிரத்தை வாங்கித் தென்னைக்கு அருகில் அதே இடத்தில் புதைத்து, அந்தத் தோசைக்கல் அகலக் காயிலுக்கும் பிளக் மாற்றி மாட்டி வீசினார். அது அகலத்துக்கு ஏற்ற மாதிரி ஒரே நேரத்தில் நாலைந்து ஆணிகளைக் கேட்டுக்கொண்டு விடாமல் கத்தியது. மோதிரத்துக்கு மேலேயே நான்கு முறை போனார், எதுவும் பிரித்துத் தெரியவில்லை. அரிசியில் கல் பொறுக்குகிறவள் முறத்திலிருக்கிற மொத்தத்தையுமா உற்றுப் பார்ப்பாள்? ஒரு பிடியை ஓரமாகத் தள்ளித்தானே பார்ப்பாள்? காயில் வாங்குகிறவர்கள் யாரும் என்னிடம் யோசனை கேட்பதில்லை. கேட்டால் சொல்லுவேன்: குப்பை நிறைந்த மண்ணுக்குச் சின்னதுதான், திறந்த கடற்கரையென்றால் பெரியதை வைத்துக்கொள்ளுங்கள்.

சேட்டன் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். பிறகு கொஞ்சமும் கூசாமல் சொன்னார். "ஞான் வலதுன்னுதன்னெயல்லே பறஞ்ஞது? நிங்ஙளோட தமிழில்!"

இவர் காயிலைக் கழற்ற ஆரம்பித்தார். நான் அன்று சேட்டனுக்கு இரண்டு சாயா போட்டுக் கொடுத்தேன்.

கல்யாணம் தூத்துக்குடியில். தாலி கட்டி முடிந்து மாப்பிள்ளை வீட்டு வாசலுக்குப் பெண்ணை அழைத்துப் போனோம். காலையிலிருந்தே அவள் முகம் வெளிறிக் கிடந்தது. இந்த ஊர்ப் பேச்சு வருமா, இவர்கள் சிரிப்பார்களா, இனிமேல் முற்றத்தில் நின்று யாரோடு பேசுவது, இதெல்லாம்தான். வாசல் வந்ததும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சிவப்புக்கல் என் விரலில் அழுத்தியது. அவள் மாத்திரமா, எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் உடைந்துவிடுவோம் என்று இரண்டு பேரும் தலையைக் குனிந்தே நின்றோம்.

பெரியம்மா ஆரத்தித் தட்டோடு நின்று சொன்னார். "வலது காலை எடுத்து வச்சு உள்ள வாம்மா."

அவள் நகரவில்லை. குனிந்து தன் இரண்டு பாதங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியம்மாவின் முகம் மாறியது. நான் பதறிப்போய் முழங்கையால் இடித்தேன். அவள் மெதுவாக என் காதுக்கு அருகில் வந்தாள்.

"மதினி, ரெண்டும் ஒரே அளவாத்தான் இருக்கு. இதுல வலுது எது?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பில் பூச்சரம் சரிந்தது. அவளுக்கும் அடக்க முடியவில்லை. மாப்பிள்ளை என்னவென்றே தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் சிரித்தான். வாசலில் அழுகிற பெண்களைத்தான் பார்த்திருப்பார் போல, பெரியம்மா தட்டும் கையுமாகத் திகைத்து நின்றார். என் நாத்தனார் வலது காலை எடுத்து வைத்து, சிரித்துக்கொண்டே அந்த வீட்டுக்குள் போனாள்.