பூஜ்யம் என்று எழுதிய வார்டு

நோயாளி ஒருவர் எவர்சில்வர் தட்டால் சித்தியின் தாடையில் அடித்த அன்றுதான் அவள் அந்தப் படிவத்தை நிரப்பினாள். வேலை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஐஸ் கட்டி சுற்றிய துணியை இடது கையால் கன்னத்தில் அழுத்திக்கொண்டு, வலது கையால் ஒவ்வொரு கேள்வியாகத் தாண்டிப் போனாள். ஒன்பதாவது கேள்வி: 'கடந்த முப்பது நாட்களில் பணியிடத்தில் எத்தனை முறை தாக்கப்பட்டீர்கள்?' யோசிக்கவே இல்லை. பூஜ்யம் என்று எழுதினாள்.

"சித்தி, தாடை ஒரு பக்கம் பந்து மாதிரி வீங்கியிருக்கு. பூஜ்யமா?"

"இது தாக்குறதாடி? இது ஜுரம். நூத்தி நாலு டிகிரி."

"ஜுரமா தட்டை எடுத்து அடிச்சுது?"

"வேற யாரு? மனுஷன் தங்கமான மனுஷன். உலகத்தையே சுத்திட்டு வந்தியே, ஒரு ஐஸ் கட்டி மாத்திக் குடுக்கத் தெரியல. பாரு, சொட்டுது."

நான்கு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு, அடுத்து எங்கே என்று தெரியாமல், அவள் வீட்டு மாடி அறையில் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்த நாட்கள் அவை. சித்தி என் அம்மாவின் தங்கை. பெரிய மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவ வார்டில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். வார்டில் அவளுக்குப் பெயர் பஞ்சக்கா. எவ்வளவு அடித்தாலும் சத்தம் வராது என்று யாரோ வைத்த பெயர். அவள் வீட்டில் ஒரு விசித்திரத்தை முதல் வாரமே கவனித்தேன். எங்கேயும் முடிச்சு கிடையாது. குப்பைப் பையின் வாய்க்குத் துணி கிளிப். நாடா வைத்த செருப்போ ஷூவோ இல்லை. பார்சலில் வரும் நூலைக் கத்தரியால் வெட்டுவாள், அவிழ்க்க மாட்டாள். கேட்டால், "நேரம் மிச்சம்" என்பாள்.

அவள் வார்டின் கடைசியில் ஆறு கட்டில் போட்ட ஓர் அறை இருக்கிறது. நோயால் புத்தி தடுமாறியவர்களை அங்கே வைப்பார்கள். கல்லீரல் கெட்டவர்கள், தலையில் அடிபட்டவர்கள், ரத்தத்தில் உப்புக் குறைந்த வயதானவர்கள், குடியைத் திடீரென்று நிறுத்தி மூன்றாம் நாள் சுவரெல்லாம் பூச்சி ஊர்வதைப் பார்ப்பவர்கள். தாங்கள் இருப்பது மருத்துவமனை என்றே அவர்களுக்குத் தெரியாது. ஊசியோடு கிட்ட வருபவள் திருடி, அல்லது பேய், அல்லது எப்போதோ சொத்தை ஏமாற்றிய மைத்துனி. அதனால் அடிப்பார்கள். முஷ்டியால், முழங்கையால், சலைன் மாட்டும் கம்பியால், சிறுநீர்ச் சட்டியால். காதைக் கவ்வுவார்கள். முடியைப் பிடித்துக் கட்டில் விளிம்பில் மோதுவார்கள். ஒரு வாரத்தில் தெளிந்து, எதுவும் நினைவில்லாமல், எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்த அறையில் வேலை பார்க்க ஒரு முறை உண்டு. ஒருவர் பேச வேண்டும், ஒருவர் பிடிக்க வேண்டும். சித்தி தலைமாட்டில் பக்கவாட்டாக நின்று, கண்ணை நேராகப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருப்பாள்: "நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க. இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. நான் பக்கத்துலதான் இருக்கேன்." கால்மாட்டில் தூண் நிற்பான். அவளோடு வேலை பார்க்கும் இன்னொரு உதவியாளன். ஆறடி உயரமும் கதவை அடைக்கும் அகலமுமாக இருந்ததால் அந்தப் பெயர். கணுக்காலைப் பிடித்தால் பிடித்தபடியே நிற்பான், அழுத்த மாட்டான். மருந்து ஏறும்வரை, இருபது நிமிடமோ ஒரு மணி நேரமோ, அடி வாங்கிக்கொண்டே பேச்சு நடக்கும்.

தூண் வருவதற்கு முன் சித்தி தனி ஆள். தனி ஆள் என்றால் கட்டிப்போடுவதுதான் வழி. மணிக்கட்டுக்கும் துணிப்பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது விதி. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காலையில், மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தியைக் கட்டிலின் நான்கு மூலையிலும் சித்தி கட்டினாள். இரண்டு விரல் இடைவெளி சரியாகவே இருந்தது. அடுத்த கட்டிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்தப் பெண் மல்லாந்தபடியே வாந்தியெடுத்து, புரண்டு படுக்க முடியாமல், அதிலேயே மூச்சடைத்துப் போனாள். முடிச்சுகள் அவிழவில்லை. சித்தி கத்தரியைத் தேடி ஓடினாள். அதன்பின் மூன்று மாதம் மருத்துவமனை நிர்வாக அதிகாரியின் அறை வாசலில் போய் உட்கார்ந்து உட்கார்ந்தே இரண்டாவது ஆளை வாங்கினாள். இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. வார்டு சிஸ்டர்தான் பின்னால் சொன்னார்.

படிவத்தைக் கொடுத்தவள் ஓர் உளவியல் ஆராய்ச்சி மாணவி. மருத்துவமனை ஊழியர்களின் மனநிலை பற்றி ஆய்வு செய்தாள். ஊழியர்கள் மனம்விட்டுப் பேச மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆலோசனை அறையும் திறந்திருந்தாள். இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. யாரும் போகவில்லை. தூண் மட்டும் ஒருநாள் போய் அரை மணி நேரம் தூங்கிவிட்டு வந்தான். வார்டில் எல்லோரும் அவளைக் கேள்வித்தாள் என்றே கூப்பிட்டார்கள்.

பதினான்கு பேர் படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள். பதினான்கும் பூஜ்யம். முடிவுகளை ஒரு பக்கத்தில் சுருக்கி நிர்வாகத்துக்குத் தர வேண்டும் என்ற நிபந்தனையில்தான் ஆய்வுக்கே அனுமதி கிடைத்திருந்தது. தந்தாள். பத்தே நாளில் உத்தரவு வந்தது: தாக்குதலே நடக்காத வார்டுக்குக் கூடுதல் உதவியாளர் தேவையில்லை, அவர் வாகன நிறுத்தத்துக்கு மாற்றப்படுகிறார்.

அந்தத் தாளோடு தூண் சித்தியிடம் வந்து நின்ற கதையை சிஸ்டர் நடித்தே காட்டினார்.

"அக்கா, நீ எத்தனை எழுதின?"

"பூஜ்யம். நீ?"

"பூஜ்யம்தான்."

"போன மாசம் உன் பல்லே விழுந்துச்சேடா!"

"அது அந்த வாத்தியார் தெரியாம உதைச்சது. அதைப் போய் யாராவது எழுதுவாங்களா?"

"எழுதாத. இப்பப் போய் ஸ்கூட்டரோட காலைப் பிடி."

தூண் போன நான்காம் நாள் காலை பத்து மணிக்கு, மூன்றாம் கட்டிலிலிருந்து பேருந்து ஓட்டுநர் எழுந்தார். நிமோனியாவுக்குச் சேர்ந்தவர், தினமும் குடிப்பதை டாக்டரிடம் மறைத்தவர். கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தார். ரத்தம் சுவரில் தெறித்தது. பக்கத்துக் கட்டில் கிழவரின் ஆக்சிஜன் குழாயைப் பாம்பு என்று கத்தியபடி இழுத்து அறுத்தார். சித்தி நடுவில் போய் நின்றாள். முதல் குத்து வயிற்றில் விழுந்தது, இரண்டாவது காதில். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். கால்மாட்டில் ஆள் இல்லாமல் அந்தப் பேச்சு எடுபடவில்லை. கிழவரின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"அக்கா, கட்டுங்க! வேற வழியில்ல, கட்டுங்க!" என்று சிஸ்டர் கத்தி, துணிப்பட்டையை வீசிவிட்டுக் கிழவரிடம் ஓடினார்.

ஒன்பது வருடம் கழித்து சித்தி முடிச்சுப் போட்டாள். ஒரு மணிக்கட்டில் மட்டும். ஓட்டுநர் கட்டிய கையோடு கட்டிலையே இழுத்தார். இரும்புக் கால்கள் தரையைக் கீறின. பட்டை இறுகியது. இரண்டு விரல் இடைவெளி ஒரு விரலாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. அவருடைய விரல் நுனிகள் கறுத்தன. சித்தி குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். குனிந்த தலையில் அவர் மறு கையால் இடித்துக்கொண்டே இருந்தார். ஏழு இடி என்று எண்ணியவர் சிஸ்டர். முடிச்சு அவிழ்ந்தது. கை விடுபட்டதும் அவர் காலைத் தூக்கி உதைத்தார். சித்தியின் தோளில் காறையெலும்பு முறிந்த சத்தம் அடுத்த கட்டில்வரை கேட்டதாம். விழுந்தவளை அவர் மிதிக்கக் காலை ஓங்கியபோது, கிழவருக்கு வேறு குழாய் மாட்டிவிட்டு சிஸ்டர் பாய்ந்து வந்து தொடையில் ஊசி போட்டார்.

கையைத் தாங்கும் துணியைக் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்குள் வந்ததும் சித்தி சொன்ன முதல் வார்த்தை, "அந்த முடிச்சை வெட்டிட்டு ஒரு ஊக்குக் குத்துடி."

மறுநாளே கேள்வித்தாள் வந்தாள். உட்காரும் முன்பே அழுதாள்.

"நீங்க எல்லாரும் பூஜ்யம்னு எழுதினதாலதான்மா…"

"நீ கேட்டது தப்பு பாப்பா. தாக்கினாங்களான்னு கேட்ட. தாக்கணும்னா தெரிஞ்சு செய்யணும். அவங்களுக்கு என்ன தெரியும்?"

"வேற எப்படிக் கேட்கிறது?"

சித்தி தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். "எங்க பட்டதுன்னு கேளு."

கேள்வித்தாள் பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து, மனித உருவத்தை முன்பக்கமும் பின்பக்கமுமாக வரைந்தாள். முப்பது நாளில் அடி பட்ட இடத்திலெல்லாம் பெருக்கல் குறி போடச் சொன்னாள். சித்தி இருபத்து மூன்று போட்டாள். போடப் போட அவளே பேனாவை நிறுத்தி நிறுத்தித் தாளைப் பார்த்தாள். கடைசி வரியில் 'யாரால்?' என்று கேள்வித்தாள் எழுதியிருந்தாள். அதைச் சித்தி பேனாவால் அடித்துவிட்டாள்.

"இதை எழுதினா கேஸ் தாள்ல சிவப்புச் சீட்டு ஒட்டுவாங்க. அப்புறம் அந்த ஆளை எந்த வார்டும் சேர்க்காது. சேர்த்தாலும் வந்ததுமே கட்டிப்போடுவாங்க. இந்த வரி இல்லாம எல்லார்கிட்டயும் வாங்கிக்கோ."

இரண்டு நாளில் பதினான்கு தாளும் வந்தன. மொத்தம் நூற்று முப்பத்தொரு குறி. தூண் உருவத்தின் வாயைத் திறந்து வைத்துப் பல்லையும் வரைந்து குறி போட்டிருந்தான்.

கேள்வித்தாள் அவற்றை நிர்வாகத்திடம் கொடுத்தாள். அடுத்த வியாழக்கிழமை அதிகாரி கூப்பிட்டார். சித்தியோடு நானும் போனேன். வார்டு வாசலில் ஓட்டுநர் கையில் பையோடு, வீட்டுக்குப் போகத் தயாராக நின்றிருந்தார். மணிக்கட்டில் பட்டையின் தழும்பு. அவர் மனைவி சித்தியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

"என்னம்மா, கையில கட்டு?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"பஸ்ல விழுந்துட்டேன்."

"எந்த ரூட்டு? பிரேக்கை எப்படிப் போடணும்னே இப்ப வர்ற பசங்களுக்குத் தெரியறதில்ல."

"ஓட்டினவர் நல்ல டிரைவர்தான். அன்னிக்கு அவருக்கு உடம்பு சரியில்ல."

அதிகாரி தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி மேசையில் பரப்பியிருந்தார். கேள்வித்தாள் ஓரமாக நின்றாள்.

"நூத்தி முப்பத்தொரு அடி. ஒரு பேர் கூட இல்ல. பேர் இல்லாத அடியை நான் எப்படி மேல அனுப்புறது? போன மாசம் பூஜ்யம், இந்த மாசம் நூத்தி முப்பத்தொண்ணா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த டிரைவர் மேல போலீஸ்ல எழுதிக் குடுங்கம்மா. அது ஒண்ணு போதும். நாளைக்கே உங்க ஆளை வார்டுக்கு அனுப்பிடறேன்."

எழுதிக் கொடுத்தால் ஓட்டுநருக்கு லைசென்ஸ் போகும், வேலை போகும். எழுதாவிட்டால் நாளை அந்த அறையில் இன்னொரு மணிக்கட்டு. சித்தி ஊக்கைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"சார், ஒரு பத்து நிமிஷம் அந்த ரூமுக்கு வந்து பாருங்க. கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டு வாங்க."

"எத்தனை வார்டு பார்த்திருக்கேன், எனக்கே சொல்றீங்களா?" என்று கண்ணாடியோடு, கையில் கோப்போடு வந்தார்.

இரண்டாம் கட்டிலில் ஒரு கிழவி. ஒரு கைப்பிடி எலும்பு. உப்புக் குறைந்து இரண்டு நாளாக யாரையும் அடையாளம் தெரியவில்லை. கோப்போடு ஒருவர் வருவதைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"வந்துட்டியாடா? பத்திரத்தைத் தூக்கிட்டுப் போக வந்துட்டியா?"

"இல்லம்மா, நான் இந்த ஆஸ்பத்திரியோட…"

தண்ணீர்ச் செம்பு அவர் மூக்கில் இறங்கியது. கண்ணாடி இரண்டாக உடைந்தது. அவர் மூக்கைப் பொத்துவதற்குள் கிழவி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, தன் நெற்றியால் அவர் வாயில் முட்டினாள். மறுபடி முட்டினாள். தாடியிலும் கோப்பிலும் ரத்தம். சித்தி ஒற்றைக் கையோடு தலைமாட்டுக்குப் போனாள். "அம்மா, இன்னிக்கு வியாழக்கிழமை. நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க. பத்திரம் பத்திரமா இருக்கு." பிறகு அதே குரலில் என்னிடம், "காலைப் பிடி. அழுத்தாதடி, சும்மா பிடி." பிடித்தேன். குச்சி மாதிரி இருந்த கால் என் கன்னத்தில் மூன்று முறை இறங்கியது. சிஸ்டர் ஊசியோடு வந்தார். பதினைந்து நிமிடம் ஆனது. கிழவி காலரை விட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

அதிகாரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், மூக்கின் இரண்டு துளையிலும் பஞ்சு.

"பேர் எழுதிக்கலாமா சார்?" என்று சித்தி கேட்டாள். "போலீஸுக்கு?"

"சும்மா இருங்கம்மா. பாவம், அந்தப் பெரியம்மாவுக்கு என்ன தெரியும்? இதெல்லாம் ஒரு அடியா?"

சொல்லிவிட்டு அவர் கிழவியைப் பார்த்தார். பிறகு சித்தியின் கழுத்தில் இருந்த ஊக்கைப் பார்த்தார். சிஸ்டர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேள்வித்தாள் ஒரு புதுத் தாளையும் பேனாவையும் நீட்டினாள். அவர் வாங்கி, உருவத்தின் மூக்கில் ஒரு குறி போட்டார். யோசித்து, உதட்டிலும் இரண்டு போட்டார்.

திங்கட்கிழமை தூண் வார்டுக்குத் திரும்பினான். சித்திக்கு ஆறு வாரம் விடுப்பு. ஆனாலும் "வாய் முறியலையே, பேசத்தானே போறேன்" என்று கிளம்பிவிட்டாள். நானும் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன்.

"அக்கா, பன்னெண்டு நாள் அந்த பார்க்கிங் வாசல்ல நின்னேன்," என்றான் தூண், ஐந்தாம் கட்டிலின் கால்மாட்டில் குனிந்தபடி. "எத்தனையோ பேர் வந்தாங்க, போனாங்க. ஒருத்தன் கூட என்னை…"

ஒரு குதிகால் அவன் தாடையில் விழுந்தது. தலை பின்னால் போய் வந்தது. தூண் அந்தக் கணுக்காலை மெதுவாகக் கையில் வாங்கிக்கொண்டான்.

"வந்துட்டேன், வந்துட்டேன்," என்றான் காலைப் பார்த்து.

"இன்னிக்கு திங்கட்கிழமை," என்று சித்தி தலைமாட்டில் தொடங்கினாள்.