மூன்று ஒய் போட்ட விரல்

நாற்காலியில் வந்து உட்காருகிறவர் கையை நீட்டுவதற்குள் ஜோடியக்கா தன் இடது கையை மேசைமேல் விரித்துவிடுவார். "முதல்ல என் கையை நல்லாப் பாத்துக்குங்க. அப்புறம் உங்க கையை நான் பாக்குறேன்." நடுவிரலும் மோதிர விரலும் அடி முதல் நுனி வரை ஒட்டிப் பிறந்தவை, இரண்டுக்கும் சேர்த்து அகலமாய் ஒரே நகம். வந்தவர் பார்வையை எங்கே வைப்பதென்று திண்டாடும்போது, பாடம் ஒப்பிப்பதுபோல் அவரே சொல்லிவிடுவார்: "இதுக்குப் பேரு சின்டாக்டிலி. கிரேக்கத்துலேர்ந்து வந்தது. சின்னுன்னா சேர்ந்து, டாக்டிலோஸ்னா விரல். சேந்த விரல், அவ்வளவுதான். தொட்டா ஒட்டிக்காது."

அழகு நிலையத்தில் நகம் திருத்திச் சாயம் பூசுவது வேலை. கூட இருப்பவர்கள் வைத்த பேர்தான் ஜோடியக்கா. சாயக் குப்பியைக் குலுக்க மாட்டார், குமிழி வந்துவிடுமாம். உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவார். நகம் கடிக்கிறவர்களிடம், "பசிச்சா ஏதாவது சாப்பிட்டுட்டு வாங்க" என்பார்.

சின்டாக்டிலிக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கேட்டுவிட்டால் குஷி பிறந்துவிடும். 'ஐ' போட்டு எழுதுகிறவர்களை விடவே மாட்டார். "மூணு ஒய்ங்க. முன்னால ஒண்ணு, கடைசியில ரெண்டு." அவரே முதலில் தப்பாய் எழுதியவர்தான். பள்ளி நாள்களில் கேலிப்பெயர்களைத் தவிர அந்தக் கைக்கு வேறு பெயர் கிடையாது. துப்பட்டாவுக்குள் ஒளித்தே வளர்ந்தார். காய்ச்சலுக்குப் போன இடத்தில் ஒரு டாக்டர் போகிறபோக்கில் அந்தச் சொல்லை உதிர்த்தார். காதில் விழுந்தபடி கணினியில் தட்டிப் பார்த்தால் ஒன்றும் உருப்படியாய் வரவில்லை. மறுபடி போய் எழுத்தெழுத்தாய்க் கேட்டு வந்து தட்டினார். திரை முழுக்கக் கைகள்: குழந்தைக் கைகள், கிழவர் கைகள், அவர் கையைப் போலவே. அம்மாவிடம் ஓடினார். "பேரு வச்சிருக்காங்கம்மா. அப்ப நான் மட்டும் இல்ல."

அறுத்துப் பிரித்துவிடலாம் என்றும் பின்னாளில் வேறொரு டாக்டர் சொன்னார். இத்தனை வருஷம் சேர்ந்திருந்ததுகளுக்குத் தனிக்குடித்தனம் சரிப்படாது என்று ஜோடியக்கா சிரித்துவிட்டு வந்துவிட்டார்.

போன வருஷம் கடை கைமாறியது. ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்துக் கையை இழுத்துக்கொண்டதைப் புது முதலாளியம்மா பார்த்துவிட்டார். பின்னறையில் தலை அலசுகிற வேலைக்குப் போகும்படி பதமாகத்தான் சொன்னார். ஜோடியக்காவின் குரல் இறங்கவில்லை.

"தலை அலச எனக்கு வெக்கமில்ல மேடம். ஆனா இந்தக் கையை மறைக்கப் போக மாட்டேன். நக அலங்காரப் போட்டிக்கு நம்ம கடை சார்பா என்னை அனுப்புங்க. தோத்தா நானே துண்டை எடுத்துக்கிட்டுப் பின்னால போயிடுறேன்."

முதலாளியம்மா அரைமனதாகத் தலையாட்டினார்.

போட்டியில் சாயம் பூசிக்கொள்ளக் கை கொடுத்தவர் நாத்தனார். ஒரு நிமிஷம் சும்மா உட்காரத் தெரியாதவர். மண்டபத்தில் ஒவ்வொரு மேசைக்கும் மேலே ஒரு கேமரா, மேடையில் ஆளுயரத் திரை. ஜோடியக்காவின் இடது கை அதில் பெரிதாய் விரிந்தபோது கூட்டத்தில் சலசலப்பு ஓடியது. தூரிகை ஒரு கணம் நின்றது. "அண்ணி, அங்க பாக்காதீங்க, என் நகத்தைப் பாருங்க" என்று நாத்தனார் முணுமுணுத்தார். அதற்குப்பின் ஜோடியக்கா நிமிரவே இல்லை. ஒட்டிய விரல்கள் நாத்தனாரின் விரலுக்கு அசையாத மேடையாயின. அந்த மேடையில் வைத்தே ஒரு பூங்கொடியை வரைந்து நகத்துக்கு நகம் தாண்ட வைத்தார். நாத்தனார் இரண்டு கைகளையும் அருகருகே வைத்தபோது பத்து நகத்திலும் அறுபடாமல் ஓடியது ஒரே கொடி. சலசலப்பு கைதட்டலாய் மாறியது.

முதல் பரிசு அவருக்குத்தான். முதலாளியம்மா மேடையேறிக் கட்டிக்கொண்டார். மறுநாளே கடை வாசலை ஒட்டியிருந்த, வெளிச்சமான மேசையை அவருக்கு ஒதுக்கினார்.

அன்றைய முதல் வாடிக்கையாளர் அந்த மேசைக்கு வர இன்னும் நேரமிருந்தது. இத்தனை வருஷமாய் ஊருக்கெல்லாம் பூசியும், தன் நகத்தில் ஒரு சொட்டுச் சாயம் பட விட்டதில்லை அவர். இருப்பதிலேயே பளிச்சென்ற சிவப்பை எடுத்து உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினார். இடது கையை வாசலைப் பார்க்க விரித்து வைத்து, அந்த அகல நகத்திலிருந்து தொடங்கினார்.