மெஷினை வெளியே வைங்க சார்

சாப்பாட்டு மேசைக்கு அடியில் வலது கால் தரையை அழுத்துகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் கணவர் தட்டை நகர்த்திய வேகத்தில் தண்ணீர் டம்ளர் மேசை விளிம்புக்கு வந்துவிட்டது. கை நீள்வதற்குள் கால் முந்திக்கொள்ளும். பல் டாக்டரின் நாற்காலியிலும் இதே கதைதான். தொலைக்காட்சியில் யாராவது படியில் தடதடவென்று இறங்கினாலும் இதே கதைதான். "தரை என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கணவர் கேட்பார். "நீங்க பார்த்து நகர்த்தினா தரைக்கு ஒண்ணும் ஆகாது" என்று மனைவியிடமிருந்து பதில் வரும்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அந்த மனைவியின் தொழில். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேல் கால் வைத்தபடியே பாதி ஆயுள் கழிந்துவிட்டது. படித்துவிட்டுப் போனவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. கடைப்பலகையில் வேறு பெயர் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

அக்காவின் பாடம் சலிப்பூட்டக்கூடியது. முதல் வாரம் முழுக்க "கண்ணாடியைப் பாருங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டார். கிளட்ச் பற்றிக் கேட்டாலும் கண்ணாடி, திருப்பத்தில் தடுமாறினாலும் கண்ணாடி. "வேற ஒண்ணுமே சொல்லித்தர மாட்டீங்களா?" என்று எரிந்து விழுந்தவர்கள் உண்டு. "ஓட்டுறவங்க காதுல ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஏறும். ரெண்டாவதைச் சொன்னா முதல்ல சொன்னது கீழ விழுந்துடும்" என்பார். பிறகு, மறுபடியும் கண்ணாடி.

இந்தப் பிடிவாதத்தைத்தான் அவர் ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகத்துக்கும் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த அலுவலகத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீளமான ஹால், கால் ஆடும் நாற்காலிகள், சுவரோரம் பூட்டிய அலமாரிகள். அதிகாரியின் மேசைக்குப் பக்கத்தில் டோக்கன் மெஷின். நேரில் வந்து கைரேகை வைத்தால்தான் அது டோக்கன் துப்பும். ஒரு நாளைக்கு இத்தனை பேருக்குத்தான் தேர்வு என்று அளவு உண்டு. பத்து மணிக்கு அலுவலகம் திறக்கும். திறந்தவுடன் அதிகாரி எழுந்து நிற்பார், கடைநிலை ஊழியர் கதவைச் சாத்துவார், பிரார்த்தனைப் பாட்டு ஆரம்பமாகும். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து பாடுவார்கள். அதாவது வாயைப் பாட்டுக்கும் கண்ணை மெஷினுக்கும் கொடுத்திருப்பார்கள். பாட்டு முடிந்த நொடியில் மெஷின் மேல் விழுவார்கள். கதவு திறக்கும்போது அன்றைய டோக்கன் தீர்ந்திருக்கும்.

வெளியே நின்றவர்கள்? நாளைக்கு வரலாம். நாளைக்கும் பாட்டு உண்டு.

"யாரையும் கட்டாயப்படுத்தலையேம்மா. இஷ்டம் இருக்கிறவங்க நிக்கிறாங்க" என்பது அதிகாரி எப்போதும் சொல்லும் பதில். நல்ல மனிதர்தான். லஞ்சம் வாங்காதவர், யார் மீதும் குரல் உயர்த்தாதவர். அவரோடு சண்டை போடுவது அதனாலேயே கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

அக்கா கடவுள் நம்பிக்கை இல்லாதவர் அல்ல. காலையில் பிரார்த்தனை செய்யாமல் கார் சாவியைத் தொட மாட்டார். அண்ணன் நடத்தும் வழிபாட்டு மன்றத்தில் வாரம் தவறாமல் பாடுகிறவர். அந்த ஹாலில் ஒலித்த பாட்டும் அவருடைய மதத்துப் பாட்டுதான். அதில் மூன்றாவது அடி திடுமென்று மேலே ஏறும். அந்த இடத்தில் எல்லோரும் இருமிச் சமாளிக்கும்போது அக்காவின் குரல் மட்டும் தனியாகக் கேட்கும்.

மாணவர்களைத் தேர்வுக்கு அழைத்துப்போய், அப்படிப் பாடிவிட்டு ஒரு நாள் வெளியே வந்தபோது, அவருடைய மாணவி ஒருத்தி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோகும் வேலை அவளுக்கு. ஆம்புலன்ஸ் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் உரிமம் காட்டினால் வேலை அவளுக்கு, இல்லையென்றால் வரிசையில் அடுத்தவருக்கு. அக்காவிடம் அதுவரை கற்க வந்தவர்களில் இவ்வளவு நிதானமாக ஓட்டியவர் யாருமில்லை.

"ஏன்டி உள்ள வரல?"

"எங்க வீட்ல வேற மாதிரி கும்பிடுவோம்க்கா. உள்ள நின்னு சும்மா வாயசைச்சுட்டு வந்தா எங்கம்மா மூஞ்சியைப் பார்க்க முடியாது. போன தடவையும் இப்படித்தான் திரும்பிப் போனேன்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் உள்ள சத்தமா பாடிட்டு இருந்தீங்களே."

அக்காவுக்குச் சுருக்கென்றது. நேராக உள்ளே போய் அதிகாரியின் முன்னால் நின்றார். வாயில் வந்தது ஒரே ஒரு வாக்கியம்: "மெஷினை வெளியே வைங்க சார்."

பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. மதம், அரசு, சட்டம் என்று எதையும் இழுக்கவில்லை. அதிகாரி சிரித்தார். "ரெண்டு நிமிஷப் பாட்டும்மா, அதுல என்ன வந்துடப்போகுது?" அக்கா மறுபடியும் சொன்னார்: "மெஷினை வெளியே வைங்க சார்." மறுநாள் போனார், அதே வாக்கியம். அடுத்து, பாட்டின் நடுவே குழந்தை அழுததால் வெளியே அனுப்பப்பட்ட ஒரு தகப்பன் போய் அதையே சொன்னார். அவ்வளவு நேரம் நிற்க முடியாத ஊன்றுகோல்காரர் ஒருவர் சொன்னார். பேருந்து தாமதமாகி, சாத்திய கதவில் முட்டிக்கொண்டவர்கள் சொன்னார்கள். இவர்களில் பலர் அந்தப் பாட்டை மனப்பாடமாகப் பாடக்கூடியவர்கள். ஒவ்வொருவரிடமும் அக்கா சொல்லி அனுப்பியது இதுதான்: "வேற எதுவும் பேசாதீங்க. கோபப்படாதீங்க. இதை மட்டும் சொல்லிட்டு வந்துடுங்க." அதிகாரி தலையில் கை வைத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்.

இதோடு விட்டிருந்தால் எளிதாக முடிந்திருக்கும். விடுவார்களா?

முதலில் வந்தவர் பேராசிரியர். ஓய்வு பெற்றவர். கடவுள் இல்லை என்பதைக் காலை நடையில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் நிரூபித்துக்கொண்டே போவார். அக்காவின் பழைய மாணவர். இன்றைக்கும் வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாது. விஷயம் காதில் விழுந்ததும் ஏழு கோரிக்கைகளோடு ஒரு பேனர் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"மெஷின் எல்லாம் சின்ன விஷயம்மா. மூலத்தையே அசைக்கணும்."

"சார், நீங்க ரிவர்ஸ் எடுக்கும்போது நான் ஏழு விஷயம் சொல்லியிருந்தா நீங்க எங்க போய் இடிச்சிருப்பீங்க?"

"ஒண்ணே ஒண்ணு சொன்னப்பவும் இடிச்சேனே."

"அதைத்தான் நானும் சொல்றேன். பேனரைச் சுருட்டுங்க."

அடுத்து அண்ணன். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அது இன்னும் பயமாக இருக்கும். "உனக்கு ஆண்டவன் மேல என்ன கோபம்?"

"ஆண்டவன் மேல இல்லண்ணே. மெஷின் இருக்கிற இடத்து மேல."

"நம்ம பாட்டை நம்மாளே வேண்டாம்னா, மத்தவன் என்ன நினைப்பான்?"

"வேண்டாம்னு யார் சொன்னா? நீங்க நம்ம மன்றத்துல பாட்டு முடிஞ்சதும் டோக்கனா கொடுக்குறீங்க? அந்த ஆபீஸ்ல அவங்க பாடுறதை வந்து பாருங்க. ஒருத்தன் கண்ணாவது மூடியிருக்கான்னு பாருங்க."

அண்ணன் வந்து பார்க்கவில்லை. "இனிமே மன்றத்துக்குப் பாட வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அக்கா "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்து அழுதார். கடைசி வரைக்கும் தன்னிடமிருந்து யாரும் எடுத்துவிட முடியாது என்று அவர் நினைத்திருந்தது அந்தப் பாட்டு ஒன்றைத்தான். இன்ஜின்கூட ஓடவில்லை. ஆனாலும் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது.

மாதம் முடிய ஒரு வாரம்கூட இல்லாதபோது மக்கள் குறைகேட்புக் கூட்டம் வந்தது. மேலதிகாரி நேரில் வந்து உட்காருவார், யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். அக்கா மாணவியோடு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். பேராசிரியர் வந்தார், பேனர் இல்லாமல். அப்பாடா என்றிருந்தது. அண்ணனும் மன்றத்து ஆட்களோடு வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். அக்காவின் கால் அப்போதே தரையைத் தேட ஆரம்பித்துவிட்டது.

அக்காவின் முறை வந்தது. எழுவதற்குள் பேராசிரியர் எழுந்துவிட்டார். நாகரிகத்தின் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மன்னர்கள் வந்தார்கள், குருமார்கள் வந்தார்கள், போர்கள் நடந்தன. மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில் அண்ணன் எழுந்து, "பிரார்த்தனை பண்றது குத்தமா?" என்றார். "அரசாங்க இடத்தில் குற்றம்தான்" என்றார் பேராசிரியர். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ நாற்காலியைத் தள்ளினார்கள். உரிமம், வேலை, மாதக் கடைசி எதுவும் யார் நினைவிலும் இல்லை. மாணவி குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் கால் தரையை ஓங்கி மிதித்தது. பலகைத் தரை. அந்தச் சத்தத்தில் ஹாலே திரும்பியது.

"சார், நீங்க உட்காருங்க. அண்ணே, நீங்களும் உட்காருங்க. ரெண்டு பேரும் நல்லது பண்றேன்னு என் உயிரை வாங்காதீங்க."

என்ன ஆச்சரியமோ, இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா மேலதிகாரியைப் பார்த்துச் சொன்னார்: "லைசென்ஸ் ஆபீஸ்ல டோக்கன் மெஷினை ஹாலுக்கு வெளியே, நடையில வைக்கணும் சார். அவ்வளவுதான்."

உரிம அலுவலக அதிகாரி எழுந்தார். "சார், யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல. எல்லாரும் விரும்பித்தான் வந்து நிக்கிறாங்க."

"அப்போ மெஷின் வெளியே இருந்தாலும் வந்து நிப்பாங்கல்ல சார்?"

அதிகாரி தலையைச் சொறிந்தார். பிறகு, "பிளக் பாயிண்ட் உள்ளேதாம்மா இருக்கு" என்றார்.

"நீளமான வயர் என் கார் டிக்கியில இருக்கு சார்."

மேலதிகாரி முதன்முறையாகச் சிரித்தார். மறுநாளே மெஷினை நடைக்கு மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மனுவுக்குப் போய்விட்டார்கள்.

வெளியே வந்ததும் பேராசிரியர் பிடித்துக்கொண்டார். "பாட்டு அப்படியேதானே இருக்கு? பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கீங்க."

"பத்து மணிக்கு முன்னாடி பாடி முடிச்சுக்கங்கன்னு அடுத்த மாசம் சொல்வேன். இந்த மாசத்துக்கு இது போதும். நீங்க முதல்ல கண்ணாடியைப் பார்க்கப் பழகுங்க."

அண்ணன் மன்றத்து ஆட்களோடு போய்விட்டார்.

மறுநாள் அந்த மாணவி தேர்வில் தேறிவிட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆய்வாளர் ஒரு குறையும் சொல்லவில்லை என்பதில் அக்காவுக்கு இன்றும் தலைகால் புரியாத பெருமை. ஆனால் அதற்கு முன்னால் நடையில் ஒரு காரியம் நடந்தது.

பத்து மணி. மெஷின் நடையில், அக்காவின் வயரோடு. ஊன்றுகோல்காரருக்கு வழிவிட்டுக் கூட்டம் வரிசையில் நின்றது. மாணவி விரல் வைத்தாள், டோக்கன் வந்தது. அதைக் கசங்கும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு தேர்வு நடக்கும் மைதானத்தின் பக்கம் ஓடினாள். வரிசையில் பேச்சும் சிரிப்பும் கிளம்பின. கைபேசிகள் அலறின. அக்காவும் அவள் பின்னால் போகத்தான் திரும்பினார். ஹாலின் கதவு திறந்து கிடந்தது. சாத்துகிற ஊழியரும் தன் தம்பியை வரிசையில் நிறுத்த வந்துவிட்டார்.

உள்ளே வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். அதிகாரி மட்டும் தன் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தார். வரிசையின் சத்தம் அவர் குரலை விழுங்கியது. அவர் இன்னும் சத்தமாகப் பாடிப் பார்த்தார். மூன்றாவது அடி வந்தது. குரல் ஏறாமல் உடைந்தது. அவர் நிறுத்தவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு அதே அடியை மறுபடியும் தொடங்கினார்.

அக்காவின் தொண்டை வரைக்கும் அந்த அடி வந்து நின்றது.

"கொஞ்சம் மெதுவா பேசுங்கப்பா" என்றார் வரிசையைப் பார்த்து. "உள்ள ஒருத்தர் பிரார்த்தனை பண்ணிட்டிருக்கார்."

பிறகு, வாசலில் கிடந்த தன் வயரைக் காலால் ஓரமாக ஒதுக்கி, அது நசுங்காதபடி பார்த்து, கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினார்.